நான் எழுதிக் கொடுத்த ஆறு பெயர்கள்

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் முடிந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்து மூன்று. கண்டியில் ஆறு மாதம் பயிற்சி பெற்று வந்தவன் என்பதில் எனக்கு இருந்த தலைக்கனத்தைச் சுமக்கத் தனியாக ஓர் ஆள் வைத்திருக்கலாம்.

பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்பு ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைத்த பழைய கட்டடம். சுவரெல்லாம் கரி. வெள்ளைச் சட்டையோடு தெரியாமல் சாய்ந்துவிட்டால் அன்று மாலை தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் எல்லோருக்கும் என் முதுகுதான் வேடிக்கை. அதற்குள் அறுபது பிள்ளைகள், ஒரே வாத்தியார்.

அந்த அறுபதில் ஆறு பேர் என் உயிரை வாங்கினார்கள். நாலு பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். எல்லோருக்கும் பத்து, பதினொரு வயது. சிலேட்டை உடைப்பது, சின்னப் பிள்ளைகளைக் கிள்ளுவது, பாடம் நடக்கும்போதே ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுவது. அதில் ஒரு பெண்பிள்ளைக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது யாரென்று தெரியாது. ஒரு தடவை பக்கத்தில் இருந்தவளின் தலையில் சிலேட்டால் அடித்து ரத்தம் வந்துவிட்டது. தடுக்கப் போன என் கையைக் கடித்துவிட்டாள். பிரம்பால் அடித்தேன். அவள் அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரம்பு வேலைக்கு ஆகாது என்று அப்போதுதான் உறைத்தது. வேறு வழி யோசித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பலாமரம் இருந்தது. அதன் அடியில் இந்த ஆறு பேருக்கும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தனி வகுப்பு. ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வந்து கூட்டல் கழித்தல். கீரைப் பாத்தியை அளந்து வாய்ப்பாடு. ஈர மண்ணில் குச்சியால் எழுத்து. ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளுக்குக் கையும் காலும் ஓடுகிற படிப்பு. இன்றைக்கும் சொல்வேன், யோசனை நல்ல யோசனைதான்.

பிள்ளைகளிடமும் சொன்னேன். இனி உங்களுக்கு மரத்தடியில் வகுப்பு, வேலை செய்துகொண்டே படிக்கலாம், ஆனால் ஒரு நாள் முழுக்க யாரையும் அடிக்காமல் இருந்தால் அதை என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்றேன். என் கையைக் கடித்த பெண்பிள்ளை முதல்முறையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். மழை பெய்தால் என்ன செய்வது என்றாள். சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வோம் என்றேன். அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இதற்குத் தோட்டத்தை நிர்வகிக்கிற வெள்ளைக்காரத் தொரையின் அனுமதி வேண்டும். ஆட்களை மேற்பார்க்கிற பெரிய கங்காணியிடமோ தாய் தகப்பனிடமோ முதலில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. என் இங்கிலீஷைத் தொரைக்குக் காட்ட வேண்டும் என்ற அரிப்பு. இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். முதல் பக்கத்தில் ஆறு பேரின் பெயர்களும் அவர்கள் செய்த அட்டகாசங்களும். மற்றப் பிள்ளைகளோடு வைத்து இவர்களைப் படிப்பிக்க முடியாது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். பிரச்சினை பெரிதாகத் தெரிந்தால்தானே என் திட்டமும் பெரிதாகத் தெரியும். பலாமரமும் கீரைப் பாத்தியும் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. கீழே கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஆறு பேரும் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று முழுக்கச் சத்தமில்லாமல் பாடம் நடந்தது. செவ்வாய்க்கிழமையும் அவர்களைக் காணோம். அன்றும் நான் தேடவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு சின்னப் பிள்ளைதான் போகிற போக்கில் சொன்னது, அவங்கல்லாம் இப்போ பெரட்டுக்குப் போறாங்க என்று.

பெரட்டு என்றால் விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம். புதன்கிழமை பெரட்டுக்கு அடிக்கிற தப்பு மேளச் சத்தம் கேட்டதும் ஓடினேன். தூறல். பெரியவர்களின் வரிசை முடிந்த இடத்தில், புல்லு வெட்டுகிறவர்களோடு, என் ஆறு பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் ஆளுக்கொரு புல் செதுக்குகிற சுரண்டி. தலையில் மடித்துப் போட்ட சாக்கு.

அந்தப் பெண்பிள்ளை என்னைக் கண்டுவிட்டாள். வரிசையை விட்டு ஓடி வந்து, மூச்சு வாங்க என் முன்னால் நின்றாள்.

"வாத்தியாரய்யா, ரெண்டு நாளா நான் யாரையும் அடிக்கலைங்க. நீங்க சொன்ன மரத்தடி வகுப்பு இதுதானுங்களே?"

கங்காணி அதட்டியதும் அவள் வரிசைக்கு ஓடிவிட்டாள். ஆறு பேரும் ரப்பர் மரங்களுக்குள் போய் மறைகிற வரைக்கும் மழையிலேயே நின்றேன்.

ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் என் கடிதத்தை எடுத்து மேசையில் போட்டார். முதல் பக்கத்தின் ஓரத்தில் தொரை நீலப் பென்சிலால் எழுதியிருந்தார், இவர்களைப் புல்லு வெட்டுக்குப் போடவும் என்று. இரண்டாம் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை.

"படிப்பிக்க ஏலாதுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க? இப்ப வந்து நின்னா நாங்க என்ன செய்யிறது?" என்றார். அவர் மேல் தப்பில்லை. தொரை மேல் கோபப்படத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தபோது, நானே தொரையாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன் என்று தோன்றியது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிர்ச்சி.

தொரை வெளியே போயிருந்தார். பகல் வரைக்கும் வாசலில் நின்றேன். வந்ததும் இரண்டாம் பக்கத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். பிள்ளைகளைத் திரும்ப விடுகிறேன், இனி ஒரு புகார் வந்தாலும் உன் வேலை இருக்காது என்றார். சரி என்றேன்.

மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். அவள் வரவில்லை. மாலையில் லயத்துக்குப் போனேன். அவளுடைய அம்மா அடுப்புக்கு விறகு முறித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் விறகைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"ஒங்க பள்ளிக்கூடத்துல அவ கெட்ட புள்ளைங்க. மலையில நல்ல புள்ளைன்னு கங்காணி சொல்றாரு. நான் எங்கிட்டு அனுப்பட்டும், நீங்களே சொல்லுங்க."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சட்டைப் பையில் அந்தக் கடிதம் இருந்தது. இரண்டாம் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பலாமரம், ரப்பர் கொட்டை, கீரைப் பாத்தி. முதலில் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் கடைசியாகச் சொன்னேன். மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மண்ணில் எழுதுவது என்ற இடத்தில் அவள் விரல் கதவில் எதையோ எழுதிப் பார்த்தது. அம்மாவும் அதைப் பார்த்தாள்.

காலையில் மலையில் புல்லு வெட்டு, பகலுக்குப் பிறகு மரத்தடி என்று முடிவானது. அதற்கு மேல் அந்த அம்மா இறங்கி வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

வகுப்பு ஒன்றும் அற்புதமாக நடந்துவிடவில்லை. ஒரு பையன் இரண்டு மாதத்தில் ஓடிப்போனான். இன்னொருவன் கீரைப் பாத்தியை மிதித்து நாசம் செய்தான். அவளும் இரண்டு முறை சண்டை போட்டாள், ஆனால் ரத்தம் வரவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் தன் பெயரையும் அம்மாவின் பெயரையும் எழுதினாள். அடுத்த வருடம் அவளை முழுநாள் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். அதோடு சரி.

நான் அவள் பெயரை எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த வயதில் அவள் கையில் சுரண்டி ஏறியிருக்காது. அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்கள், எத்தனையோ முரட்டுப் பிள்ளைகள். அவர்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுத உட்காரும்போதெல்லாம், தலையில் சாக்கோடு அவள் ஓடி வந்து நிற்கிறாள். நானும் இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் எழுதுகிறேன்.