கேப்டனின் மூட்டை முடிச்சு

ஏசியைப் பதினாறில் வைத்து, அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என் அக்காவின் கணவர். உடம்பில் அடுக்கடுக்காகக் கம்பளிச் சட்டைகள், மேலே ஆரஞ்சு நிறக் கோட்டு, தலையில் காதை மூடும் குல்லாய். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கழுத்தில் வழியும் வியர்வையைக் கையுறையோடு துடைக்க வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்கிறார். "பழகிக்கிறேன் மச்சான்," என்கிறார் என்னிடம். "அங்க போய்த் திணறக் கூடாது பாரு."

அவருக்குக் குளியலறை டைல்ஸ் வியாபாரம். தென்துருவப் பக்கம், அண்டார்டிகாவுக்குக் கப்பல் ஏறப் போகிறார் என்று தெரிந்ததிலிருந்து தெருவே அவரைக் 'கேப்டன்' என்கிறது. அது கிண்டல் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. 'டூர்' என்று யாராவது சொன்னால்தான் முகம் சுருங்கும். "டூர்னா பஸ்ல போறது. இது எக்ஸ்பெடிஷன்." கடைக்கு வாஷ்பேசின் வாங்க வந்த புதுமணத் தம்பதி ஒன்று, பெங்குயினை விட்டு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று பாடம் கேட்டுவிட்டு, வாஷ்பேசின் வாங்காமலே தப்பித்தது.

எதை எடுத்தாலும் மூன்று. "ஒண்ணு போட, ஒண்ணு மாத்த, ஒண்ணு போட்டோவுக்கு." ரப்பர் பூட்ஸோடு மொட்டைமாடியில் டபடபவென்று நடக்கிறார். தூக்கம் கெட்ட கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து கேட்டால், "பனியில நடக்கறது ஒங்களுக்குப் புரியாது சார்" என்று அவருக்கே வகுப்பெடுக்கிறார். விருந்தாளி வந்தால் கையுறை போட்ட கையை ஐஸ் கட்டிகளுக்குள் நுழைத்துக் காட்டுவார். "அடேயப்பா" என்று சொல்லும்வரை எடுக்க மாட்டார்.

இந்த ஆசை அவருடையதே அல்ல என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அக்கா பூகோள டீச்சராக இருந்தவள். வகுப்பில் உலகப் படத்தை மாட்டினால் அதன் அடிக்கட்டை அந்த வெள்ளைப் பகுதியைப் பாதி மறைத்துவிடும். குனிந்து கட்டையைத் திருப்பிப் பிடித்துத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். "ரிட்டயர் ஆனதும் அங்க ஒரு தடவை காலை வச்சுட்டு வந்துடணும்டா" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "ஐஸ் பாக்கணும்னா ஃப்ரிட்ஜைத் தொற" என்று சிரித்தவர் இதே மனிதர்தான். வியாபாரிகள் சங்கத் தலைவர் போய்வந்து படம் காட்டினாரோ இல்லையோ, இவருக்குத் துருவ ஞானம் பிறந்துவிட்டது. அக்கா எதையும் சொல்லிக் காட்டவில்லை. அவளும் கூடப் போகிறாள்; படகில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே என்று காலையில் எழுந்ததும் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று மூட்டை கட்டும் படலம். கப்பலுக்குக் கொண்டுபோய் விடும் சின்ன விமானத்தில் ஆளுக்கு ஒரு பைதான், அதற்கும் எடைக் கட்டுப்பாடு உண்டு. கேப்டனின் பை எகிறிவிட்டது. யோசிக்கவே இல்லை, கேமரா சாமான்களை எடுத்து அக்காவின் பைக்குள் திணித்தார். இடம் போதாததால் அதிலிருந்த அவளுடைய தண்ணீர் புகாத பேண்ட்டை உருவிக் கட்டிலில் வீசினார். அது இல்லாதவர்களைக் கரைக்குப் போகும் ரப்பர் படகில் ஏற்றவே மாட்டோம் என்று கப்பல்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவருக்கு நினைவூட்டினேன்.

"அவ எங்க எறங்கப் போறா, முட்டிவலிக்காரி. கப்பல்லயே உக்காந்து பாக்கட்டும்," என்றார். "நான் ஐஸ்ல நிக்கறப்போ மேலருந்து போட்டோ எடுக்க ஒரு ஆள் வேணாமா மச்சான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அறைக்குள் வந்துவிட்டாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. கட்டிலில் கிடந்த பேண்ட்டை எடுத்தாள். உடுத்தியிருந்ததற்கு மேலேயே ஒவ்வொரு காலாக நுழைத்து, இடுப்புப் பட்டியை இழுத்து இறுக்கினாள்.

"உடம்புல போட்டிருக்கறதை எடை போட மாட்டாங்க," என்றாள். "நான் இதைப் போட்டுக்கிட்டே வர்றேன். கரையில எறங்கவும் போறேன்."

கேப்டன் நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. எந்தப் பையிலும் இடம் கிடைக்காத ஒரு லென்ஸ் அவர் கையிலேயே இருந்தது. அக்காவின் தொடைப் பக்கம் இருந்த பெரிய பாக்கெட்டின் ஜிப்பைத் திறந்து, அதைப் பத்திரமாக உள்ளே இறக்கி, ஜிப்பை மூடினார்.