ஜிம்மியின் அம்மா சைன் வைத்த பேப்பர்

நனைந்த மரச்சீவலும் நாய் மயிரும் கலந்த ஒரு மணம்... இரண்டு நாளாக மூக்கை விட்டுப் போகவில்லை.

டோர்செட் பார்க் என்ற பகுதியில் எங்கள் அபார்ட்மென்டுக்குப் பக்கத்துப் பார்க். அதன் மூலையில், நாய்களைச் சங்கிலி கழற்றி ஓட விடுவதற்கென்று மரச்சீவல் பரப்பி வேலி அடைத்த ஒரு துண்டு நிலம்.

கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான்.

"என்ன பிள்ளை, இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?"

சிரித்துச் சிரித்தே வாய் நொந்தது. போவதை நிறுத்தினேன். வீட்டிலும் இருப்புக் கொள்ளாது. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

அப்போதுதான் ஜிம்மி வந்தான். இவரோடு வேலை செய்தவர் ஒஷாவாவுக்கு வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போன நாய். சோறும் மீன்குழம்பும் பழகியபிறகு, பார்க்கில் யாராவது பிஸ்கட் நீட்டினால் மணந்துவிட்டுத் திரும்பிவிடுவான். அவ்வளவு பவர்!

அங்கே என் பெயரைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. நாயின் பெயரைத்தான் கேட்டார்கள். அன்றிலிருந்து நான் "ஜிம்மீஸ் மாம்"...

முதல்நாள் அதைக் கேட்டபோது வேலிப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அவன் உள்ளே ஓடுவான், நான் வேலியோரம் நடப்பேன். இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது அங்கேதான்.

அதெல்லாம் எத்தனையோ வருடத்துக்கு முந்திய கதை. போன ஞாயிறு மரக்கறிக் கடை வாசலில், தெரிந்த அண்ணை ஒருவர் பேப்பரோடு நின்றார்.

"தங்கச்சி, பார்க் விஷயம். ஒரு சைன் வையுங்கோ."

அண்ணை கேட்டால் வாசித்துப் பார்ப்பதா? மரியாதையில்லை. வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் மகள் சொன்னாள், அந்தப் பேப்பரில் நாய்களின் இடத்தை எடுத்துவிட்டுக் கார் பார்க்கிங் கேட்கிறார்களாம்.

அதற்குப் பிறகு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போன் எடுத்தேன்.

"அண்ணை, என்ர பேரை வெட்டுங்கோ."

"ஏன் பிள்ளை? உங்களிட்ட இப்ப நாயும் இல்லையே. ரெண்டு பிள்ளையளும் வளந்திட்டுதுகள்."

"அப்ப பிள்ளையள் இல்லை அண்ணை. எனக்குப் போறதுக்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது."

பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"...எத்தினையாவது லைன்ல வைச்சனீங்கள்?"

வெட்டிவிட்டார். ஆனால் அதில் இன்னும் எத்தனையோ பெயர்கள்...

அன்று வேலியோரம் நடந்தேன். இன்று வீட்டுக்குள் நடக்கிறேன். ஜிம்மி போய்ப் பல வருடம், கால் மட்டும் நிற்கவில்லை.

வரும் ஞாயிறு அதே கடை வாசலில் நானும் ஒரு பேப்பரோடு நிற்பேன். காண்கிறவர்கள் வாங்கோ.

வாசித்துவிட்டுச் சைன் வையுங்கோ.