எஸ்தர் கொடுத்த தழும்பு

பெங்களூரு சந்தாபுராவில் வசிக்கும் எஸ்தர், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜி விடுதியில் சமைக்கிறார். போன வருடம் கொதிக்கிற சாம்பார் அவருடைய வலது கையில் கொட்டிவிட்டது. காயம் ஆறியது. ஆனால் தழும்பு தடித்து விரல்களை உள்பக்கம் இழுத்துக்கொண்டது. கரண்டி பிடிக்க முடியவில்லை.

தழும்பை வெட்டியெடுத்துப் புதுத் தோல் வைக்க டாக்டர்கள் முடிவு செய்தார்கள். வெட்டியெடுப்பதை ஆய்வுக்குத் தர முடியுமா என்று ஆராய்ச்சி மாணவி அனுஷா வந்து கேட்டாள்.

“நம்ம உடம்புல இருக்கற செல்லு மேல ஒருவகை சர்க்கரை இருக்கும்க்கா. அதைப் புடிச்சுக்கிற சில புரதம்தான் காயம் ஆற உதவுது. அதுவே அதிகமானா தழும்பு தடிக்குதோன்னு பாக்கறோம்.”

“எனக்கு சுகர் இல்லையேம்மா.”

அனுஷா சிரித்துவிட்டாள். “அது வேறக்கா. இது எல்லார் உடம்புலயும் இருக்கறது.”

“மருந்து வந்துடுச்சா?”

“இன்னும் இல்ல. தேடறோம்.”

“அப்ப எடுத்துக்கோ. எனக்கு முன்னாடி நெறைய பேர் குடுத்திருந்தா, இந்நேரம் வந்திருக்கும்ல.”

ஆபரேஷனுக்குப் பிறகு விரல் பயிற்சி மிகவும் வலித்தது. எஸ்தர் விடவில்லை. இப்போது சப்பாத்தி மாவை அவரே பிசைகிறார். போன வாரம் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனவர், அதே ஆபரேஷனுக்காகக் காத்திருந்த மரகதம் என்ற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களை விரித்துக் காட்டினார். பிறகு அனுஷாவின் நம்பரைக் கொடுத்தார்.