ஊறவைத்த ரொட்டிக்குச்சி

கூலாய் நகரில் ஓர் உணவகத்துக்கு மகள் என்னை அழைத்துப் போயிருந்தாள். கண்ணாடித் தம்ளரில் நீளநீளமாய் ரொட்டிக்குச்சிகள் கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஒன்றை எடுத்துக் கோப்பியில் நனைத்தேன்.

"அப்படியே கடிங்கம்மா, மொறுமொறுன்னு இருக்கும்" என்றாள்.

சிறுவயதில் நாங்கள் பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் துரை பங்களாவில் சமையல் வேலை. மிஞ்சிய ரொட்டிக்குச்சிகளை வாழையிலையில் சுருட்டிக்கொண்டு வருவார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு நடுவே வெறும் பலகைத் தடுப்புதான்; அது கூரை வரை எட்டாது. அடுத்த வீட்டுக் காமாட்சி சின்னம்மாவின் புருஷனுக்கு வேலை போயிருந்தது. பிள்ளைகளுக்குக் கஞ்சியே அரை வயிற்றுக்குத்தான்.

"கடிக்காதீங்க, அந்தப் பிள்ளைங்க காதுல விழும்" என்று அம்மா கோப்பியில் ஊறவைத்தே கொடுப்பார்.

ஒருநாள் தம்பி கறுக்கென்று கடித்துவிட்டான். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அம்மா எழுந்தார். பிறகு மிச்சத்தைப் பலகைக்கு மேலே நீட்டினார்.

"காமாட்சி, பிள்ளைங்களுக்குக் குடு. தப்பா நெனைக்காத."

ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

"இவ்வளவு நாளா வாசனைதான் வந்துச்சு. இன்னிக்குத்தான் சத்தமே கேக்குதுக்கா" என்று சின்னம்மா சிரித்தார்.

அதன்பிறகு இரண்டு வீட்டிலும் கடித்தே தின்றோம்.

நான் இன்னொரு குச்சியை எடுத்து, நனைக்காமல் கடித்தேன்.