களத்தில் கேட்ட சுதந்திரம்

கோர்ட்டில் டிரான்ஸ்லேட்டராகச் சேர்ந்து எனக்கு நாலு மாதம்கூட ஆகவில்லை. அப்போதுதான் மொக்கையன் கேஸ் வந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். காங்கிரஸ் தலைவர்களெல்லாம் சிறையில். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சப் மாஜிஸ்ட்ரேட் கோர்ட் என்பது போதும், ஊர்ப் பெயர் வேண்டாம். மாஜிஸ்ட்ரேட் மலபார்க்காரர். தமிழில் பேசினால் பாதி புரியும், படிக்கத் தெரியாது. தமிழில் வருகிற வாக்குமூலங்களையும் ரிப்போர்ட்டுகளையும் இங்கிலீஷில் எழுதி அவர் மேஜையில் வைப்பது என் வேலை.

போலீஸ் ரிப்போர்ட் இவ்வளவுதான்: கூடலூர்ப் பக்கத்து ஆசாமி மொக்கையன், அறுவடைக் களத்தில் ஆட்களைத் திரட்டி, 'சுதந்திரம் குடுக்காம நெல்லு வண்டி நகராது' என்று கோஷமிட்டான். யுத்த காலச் சட்டத்தில் சார்ஜ். நிரூபணமானால் ஜெயில்.

"ஃப்ரீடம்னு போட்டுக் குடுத்துருப்பா. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஊரெல்லாம் அதத்தான கத்துறாய்ங்க" என்றார் ஹெட் கிளார்க்.

பேனாவை எடுத்தேன். அந்த நெல் வண்டி உறுத்தியது. தேசத்துக்கு விடுதலை கேட்கிறவர் நெல் வண்டியை ஏன் மறிக்க வேண்டும்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வார்டரிடம் சொல்லிவிட்டு, அடுத்த கட்டடத்திலிருந்த சப் ஜெயிலுக்குப் போனேன்.

மொக்கையனுக்கு நாற்பது வயதிருக்கும். பெரியாற்றுத் தண்ணீரை வாய்க்காலிலிருந்து வயல் வயலாகத் திருப்பிவிடுகிற நீர்பாய்ச்சி.

"களத்துல என்னதான் கேட்டீக?" என்றேன்.

"என் சுதந்திரத்தத்தாய்யா கேட்டேன். நீர்பாய்ச்சிக்குன்னு களத்துல அளக்குற நெல்லு. எங்கப்பன் காலத்துலருந்து அளந்தாக. இந்த வருசம் சர்க்காரு நெல்லு எடுக்குதுன்னு சொல்லி மொதலாளி முழுசையும் வண்டில ஏத்திட்டாக. நான் போயி முன்னால நின்னேன். அங்கன இருந்த நாலு பேரும் கூட நின்னாக."

நான் தேவாரம் ஊரில் கடை வைத்திருந்தவரின் மகன். நெல் களத்தில் நின்றதில்லை. மேடையில் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்த அந்தச் சொல், களத்தில் உழைப்பவனுக்கு உரிய நெல்லுக்கும் பெயர் என்பது அன்றுதான் தெரிந்தது. கிராமக் கணக்கு எழுதும் கர்ணத்தைப் பார்த்துக் கேட்டேன். "பூர்வீகமா அப்பிடித்தான் தம்பி எழுதுறோம்" என்றார்.

'அறுவடையில் ஊர் வழக்கப்படி நீர்பாய்ச்சிக்குத் தரும் தானியப் பங்கு' என்று இங்கிலீஷில் எழுதினேன். ஹெட் கிளார்க் படித்துவிட்டு, "போலீசப் பகைச்சுக்கிட்டு எங்க போயிப் பொழைப்ப?" என்றார். ஆனாலும் அதைத்தான் மேஜையில் வைத்தேன்.

விசாரணை நாளில் மாஜிஸ்ட்ரேட் அதை இரண்டு தடவை படித்தார். "நீ கேட்டது நெல்லா?" என்றார்.

"ஆமா சாமி. நெல்லுதான்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. கேஸ் முடிந்தது என்று எனக்கு மூச்சு வந்தது. மொக்கையன் கூண்டிலிருந்து இறங்கவில்லை.

"ஒண்ணு சொல்லிக்கிறேன் சாமி. உள்ள மூணு வாரம் கதர் கட்டுன ஆளுகளோட இருந்தேன். அவுகளும் இதே வார்த்தையத்தான் சொன்னாக. நீங்களும் நெல்லா கேட்டீகன்னு கேட்டேன். சிரிக்கல சாமி. உக்கார வச்சு வெவரம் சொன்னாக. களத்துல நின்னப்ப எனக்கு அது தெரியாது. இப்பத் தெரியும். அடுத்த அறுப்புக்கு நின்னா ரெண்டையும் சேத்துத்தான் கேப்பேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. மாஜிஸ்ட்ரேட் என் பக்கம் திரும்பி, "டிரான்ஸ்லேட்" என்றார்.

அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். கடைசி வரியை விட்டுவிட்டால் இந்த மனிதர் வீட்டுக்குப் போய்விடலாம். சொன்னால் இங்கிருந்தே மறுபடி உள்ளே போக நேரலாம். மொக்கையன் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

மாஜிஸ்ட்ரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு தன் பாஷையும் தமிழும் கலந்து சொன்னார்: "அது அடுத்த அறுப்பினு நோக்காம், பாக்கலாம். இப்ப நீ போய்க்கோ."

அந்த வருஷ நெல் மொக்கையனுக்குக் கிடைக்கவே இல்லை. எனக்கு இன்ஸ்பெக்டரிடமிருந்து ஒரு புகாரும் ஹெட் கிளார்க்கின் ஒரு மாத மௌனமும் கிடைத்தன.

விடுதலையான அன்று கோர்ட் வாசலில் அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"நான் சொன்னதுல எதையும் முழுங்கிறலயே?"

"இல்ல. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எங்க எதையாச்சும் முழுங்கிருவீகளோன்னுதாய்யா பயந்துக்கிட்டு நின்னேன்" என்றார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தார்.

ஜெயிலுக்குப் பயப்படாத மனிதர், என் வாய்க்குப் பயந்திருக்கிறார். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்: ஒருவருக்கு நல்லது செய்வதாக நினைத்து அவர் பேச்சைக் குறைத்து எழுதாதீர்கள். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியாது.