வெடித்தது என் எஞ்சின்

நான் திருடினேன்.

பூட்டை உடைத்து அல்ல. சாவியை நம்பிக் கொடுத்த நண்பன் வீட்டுக் காரிலிருந்து, பட்டப்பகலில், ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு, நிதானமாகக் கழற்றி எடுத்தேன்.

எடுத்தது எஞ்சினின் ஹெட். சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக உட்கார்ந்திருக்கும் கனத்த இரும்புப் பாளம். அது பழுதானால் எஞ்சின் ஓடாது.

என்னைப் பார்த்தால் நீங்கள் திருடன் என்று சொல்ல மாட்டீர்கள். ஒரத்தநாட்டில் கதிர் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடுகிறேன். இன்ஜினியரிங் படித்தவன். வயலில் நின்றுபோன எந்த மெஷினையும், சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை; உண்மை அதுதான். இதைச் சொல்லும்போதும் என் குரல் தடுமாறவில்லை, பாருங்கள்... எனக்கே அதுதான் அச்சமாக இருக்கிறது!

என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கைகள், மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. சீமையில் செய்த வண்டி. செய்த கம்பெனியே இப்போது இல்லை. அதே வண்டி, பச்சை நிறத்தில் இன்னொன்று, நாகூரில் என் கல்லூரித் தோழன் சாபிரின் தந்தையிடம் இருந்தது. சாபிர் அவரை வாப்பா என்பான். நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன்.

மனைவி இறந்த பிறகு வாப்பா வண்டியைத் தொடவில்லை. கண்ணிலும் புரை விழுந்தது. ஓட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டார். சாபிர் சிங்கப்பூருக்குத் திரும்பும் முன் பச்சைக் காரை லாரியில் ஏற்றி என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தான்.

"அங்க இருந்தா கடல் காத்து தின்னுடும்டா. உன்னைவிட யாரு பத்திரமா பாத்துக்கப் போறா?" என்று சாவியை என் கையில் வைத்தான்.

அவன் நினைத்தது தவறில்லை. அந்த வண்டியை அறிந்தவன் என்னைவிட யார்?

ஆனால் அறிந்தவன்தான் ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து திரும்பும் வழியில், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுவதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. சாலையோரம் கல்லூரிப் பிள்ளைகள் நின்று என் வண்டியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, புகையில் நிற்பதா? என் மானம் இடம் கொடுக்கவில்லை. வீடு வரை மிதித்தேன். ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஹெட் வெடித்திருந்தது.

அசல் ஹெட்டைத் தேடி நான் அலைந்த அலைச்சல்! புதுப்பேட்டையில் இரும்புக் குவியல்களுக்குள் தலையை விட்டுத் தேடினேன். ஊட்டியில் ஓர் எஸ்டேட் கொட்டகையில் இருப்பதாக யாரோ சொன்னதை நம்பி மலையேறினேன். அங்கே இருந்தது வேறு வண்டியுடையது. இங்கிலாந்திலிருந்து ஒருவன் 'அசல்' என்று அனுப்பியதை ஆசையாகப் பிரித்தால், போலி வார்ப்பு! தண்ணீர் ஓடும் துளைகள் ஒரு நெல்மணி அகலத்துக்கு விலகி இருந்தன. என் பழைய ஹெட்டையே பற்றவைத்துப் பார்த்தேன். சூடேறியதும் வெடிப்பு மறுபடி வாய் திறந்தது.

அந்த நேரத்தில்தான் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து, தஞ்சாவூரிலிருந்து கடற்கரை வரை ஓர் ஊர்வலம் போகத் திட்டமிட்டார்கள். என் பெயர்தான் முதல் பெயர். என் வண்டியோ எஞ்சின் திறந்து கிடந்தது.

பக்கத்தில் பச்சைக் கார் நின்றது. அசல் ஹெட்டோடு, யாருக்கும் பயன்படாமல்...

'வேறொன்று கிடைத்ததும் திருப்பி மாட்டிவிடலாம். அதுவரை என்ன குறைந்துவிடும்?' உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வாய்த்திருக்கலாம். நீங்கள் விலகி நடந்திருப்பீர்கள். நான் ஸ்பானரை எடுத்தேன்.

சம்பா அறுவடைக் காலம். மெஷின்களும் ஆட்களும் வயலில். ஷெட்டில் நான் மட்டும். அவர் ஹெட்டை என் வண்டிக்கு மாற்றினேன். வெடித்த என் ஹெட்டை அவர் வண்டியில் பூட்டினேன். கை பட்டது தெரியாமலிருக்க, துடைத்த இடத்தில் தூசியை அள்ளித் தூவவும் செய்தேன்! நேர்த்தியான வேலை. இன்றும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஊர்வலத்தில் என் வண்டி முன்னால் போனது. அதன் பிறகு நான் ஹெட் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு ஒருநாள் சாபிர் ஊருக்கு வந்திருந்தான். தொலைபேசியில் துள்ளினான்.

"வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுடா. டாக்டர் வண்டி ஓட்டலாம்னுட்டாரு. அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன்."

அடுத்த வாரம்! ஹெட்டை மாற்றிப் பூட்ட எனக்கு ஒரே நாள் போதும். மாற்றினேனா? இல்லை. என் வண்டி மறுபடி முடமாகக் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று தெம்பாக இருந்தேன்.

வாப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, புதுக் கண்ணாடி. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எல்லாம் பளிச்சுனு தெரியுது தம்பி. நாகூர் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போறேன்!"

சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, நடுங்கி நின்றது. எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் காபி நிறமாயிருந்தது. அவர்கள் கண்ணெதிரே நானே ஹெட்டைக் கழற்றினேன். நானே அந்த வெடிப்பைக் காட்டினேன்.

"இது எதனால தம்பி ஆகும்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. நான் சொன்னது இது:

"தண்ணி இல்லாம ஓடி, சூடேறினா இப்படித்தான் வெடிக்கும் வாப்பா."

பொய்யா? ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை! என் ஹெட் அப்படித்தான் வெடித்தது.

வாப்பா அந்த வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சாபிரைப் பார்த்துச் சொன்னார்.

"கடைசியா உங்க உம்மாவோட குடவாசலுக்குப் போயிட்டு வந்தேன்ல... வழியில அவ சொன்னா, ஏதோ கருகுற வாடை வருதுன்னு. வயல்ல வைக்கோல் கொளுத்துறாங்க, பேசாம வான்னு சொல்லிட்டேன். அவ சொன்னதுதான் சரி. நான் கேக்கல."

"விடுங்க வாப்பா. பழைய வண்டிதானே," என்றான் சாபிர்.

"வண்டிய சொல்லலடா. அவ பேச்ச நான் கேக்கல."

அன்று வயலில் வைக்கோல்தான் எரிந்திருக்கும். அவர் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஹெட்டைக் கழற்றிய எனக்கு அது தெரியும். மாசு மறுவற்ற இரும்பு அது. மனைவியோடு போன கடைசிப் பயணம் அவருக்கு இனிய நினைவாக மட்டும் இருந்தது. என் ஒரு வாக்கியத்தில் அதைக் குற்றமாக மாற்றிவிட்டேன்... ஸ்பானரைத் துடைத்தபடியே!

கிளம்பும்போது என் தோளைத் தொட்டார்.

"வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. உங்க வண்டிக்கு உதிரிபாகத்துக்காவது ஆகும்."

ஆயிற்று. கதவுக் கைப்பிடி, முன்விளக்கு வளையம், கடிகாரம்... ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன். இன்று என் வண்டியில் அசல் அல்லாத பாகம் ஒன்றுகூட இல்லை. வெளியூர்க்காரர்கள் வந்து வியந்து போகிறார்கள். எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டால், பொறுமை வேண்டும் என்கிறேன்.

வாப்பா அதற்குப் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. கண் தெளிவாகத்தான் இருக்கிறது. கேட்டால், "நான் ஓட்டத் தகுந்தவன் இல்லப்பா" என்கிறாராம்.

போன மாதம் சாபிர் கேட்டுக்கொண்டதால், நாகூரில் அவரை என் காரில் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப்போனேன். அவர் கண்களை மூடி எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தச் சத்தம் எதன் சத்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

"எவ்வளவு சுத்தமா ஓடுது! என் வண்டியையும் நீங்கதான் ஓட்டியிருக்கணும் தம்பி. கெட்டிருக்காது."

அவர் உயிரோடு இருக்கிறார். பக்கத்து இருக்கையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். நான் சொல்லியிருக்கலாம். நாளைக் காலை போய்க்கூடச் சொல்லலாம். உங்களிடம் சொல்ல முடிந்தவனுக்கு அவரிடம் சொல்ல ஏன் நா எழவில்லை?

"இன்னும் கொஞ்சம் வேகமா போகலாமா வாப்பா?" என்று கேட்டேன்.

"போங்க தம்பி. உங்ககிட்ட எனக்கு என்ன பயம்?" என்றார்.

கியரை மாற்றினேன். வண்டி சீறிப் பாய்ந்தது. அவர் சிரித்தார்.