பார்வதி அக்கா வாய் திறந்த மிட்டாய்க் கடை

நாரங்கா மிட்டாயின் வாசனையை நினைத்தால் எனக்குச் சிங்கக் கூண்டின் நாற்றமும் சேர்ந்தேதான் வரும். எழுபதுகளில், ஊர் பார்க்க வந்தவர்கள் பஸ் பஸ்ஸாக இறங்கிய திருவனந்தபுரம் மியூசியத்தில், மிருகக்காட்சி சாலையின் வாசலை ஒட்டி ஒரு மிட்டாய்க் கடை இருந்தது. பலகை அடித்த சின்னக் கடைதான். ஆனால் 'பரணி' என்று நாங்கள் சொல்லும் கண்ணாடி ஜாடிகளில் ஆரஞ்சுச் சுளை போன்ற நாரங்கா மிட்டாயும் தேன் மிட்டாயும் புளி மிட்டாயும் நிறம் நிறமாக நிற்க, காற்று திரும்பும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிங்கம் தானும் இருப்பதைத் தெரிவித்துக்கொள்ளும்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா ஜவுளிக் கடையில் துணி எடுத்துப் போடுகிறவர். எனக்கு ஒன்பது வயது, பார்வதி அக்காவுக்கு இருபத்திரண்டு. அக்காவுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். பெண் பார்க்க வந்தவர்கள் "பேரென்னம்மா?" என்று கேட்டால்தான் வினை, சொந்தப் பேரின் முதல் எழுத்திலேயே அவள் உதடு ஒட்டிக்கொள்ளும். மூன்று குடும்பம் வந்தது. மூன்றும் "ஊருக்குப் போயி எழுதுதோம்" என்று சொல்லிவிட்டு எழுதாமலே இருந்தது. "பஜ்ஜி தின்னும்போது வலிக்காத வாய் பதில் சொல்லும்போதுதான் வலிக்குது" என்பாள் அம்மா. எங்கள் வீட்டில் எண்ணெய் காயும் வாசனை வந்தாலே, "என்னட்டி, நாலாவதா?" என்று சந்தில் என்னை நிறுத்திக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாவது குடும்பம் போன அன்று தட்டுகளைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "இ-இன்னும் ஒரு தடவதான். அதுக்கப்புறம் யாரு முன்னாடியும் போயி நிக்க மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆகவே நாலாவதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாமென்று முடிவாயிற்று. அந்தக் காலத்தில் எங்களவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோவிலிலோ பூங்காவிலோ தற்செயலாக வந்த மாதிரி நின்று பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு வீட்டாரும் ஒன்றுமே நடக்காதது போல் இருந்துகொள்ளலாம். ஆவணி முதல் ஞாயிறு, மியூசியம் மிட்டாய்க் கடை, நாலு மணி என்று மாமா ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளை வீட்டார் கரமனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். அவர்களை எங்களுக்கு முகம் தெரியாது, மாமா வந்துதான் கண்ணைக் காட்ட வேண்டும்.

"இதுல பொண்ணு வாயத் தொறக்கவே வேண்டாம், கேட்டீங்களா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லிருக்காங்க. நாம ஒரு பொய்கூடச் சொல்லல, பேசாமத்தான இருக்கோம்!" என்றார் மாமா. என்னிடம் மட்டும், "ஒனக்கு மிட்டாய் வாங்கத்தான் போறோம்" என்றார்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் நம்பியவள் போல் கிளம்பினேன், மிட்டாயாவது நிஜமாயிற்றே.

நாலு மணியாயிற்று, நாலரையாயிற்று, மாமாவைக் காணோம். வாலிபப் பையனோடு போன குடும்பத்தையெல்லாம் அப்பா உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "அவங்க வரல போலிருக்கு" என்றார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அதுவரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்த அக்கா பிடியை விட்டாள். அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டுச் சிரித்தாள். "வாட்டி, ஒனக்கு எ-என்ன மிட்டாய் வேணும்?"

மழை ஈரத்தில் கசிந்து கட்டியாய் ஒட்டிப்போன நாரங்கா மிட்டாயைக் கடைக்காரர் எனக்குப் பொட்டலம் கட்டினார். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு மட்டும் வேறொரு பரணியிலிருந்து உதிரி உதிரியாகப் போனது. அக்கா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். கோபம் வந்தால் அவளுக்கு மலையாளம் வரும்.

"எந்தர் அண்ணா இது? வெளியில உள்ளவர்க்கு நல்லது, ந-நம்மட கொச்சினு கட்டயோ?"

உள்ளூர்ப் பிள்ளைக்கு மட்டும் கட்டியா என்று கேட்டதற்கு, "மழயல்லே மோளே" என்று அவர் வானத்தைக் காட்டினார்.

"மழ ம-மற்றே பரணியில் பெய்தில்லே?"

அந்தப் பரணியில் மட்டும் மழை பெய்யவில்லையா என்றதும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் பக்கத்தில் குடையோடு நின்ற ஒரு பருத்த அம்மாள். அவளும் தன் பொட்டலத்தை நீட்ட, அக்கா இரண்டையும் மாற்றி வாங்கிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாமா வந்தார். சோலி முட்டியதால் ஞாயிறு வர முடியவில்லையாம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா தனியாகப் போய், மாமா முன்பே சொல்லியிருந்த அடையாளத்தை வைத்துப் பெண்ணைக் கண்டுபிடித்து, பார்த்துவிட்டும் வந்தாளாம்.

"எப்படி இருப்பா?" என்றாள் அம்மா.

"நல்ல தடியா, கையில எப்பவும் ஒரு குடை."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நடுரோட்டுல நின்னு சண்ட போட்டதப் பாத்துட்டாளே!" எனக்கு வாங்கப் போன மிட்டாயால்தானே என்று அன்றிலிருந்து நான் பாதிச் சோற்றிலேயே எழுந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வீட்டுக்கே வருவதாக மாமா சொன்னபோதுகூட யாருக்கும் தெம்பு வரவில்லை. "திக்குறத அவ கவனிச்சிருக்க மாட்டா, நீ தலையக் குனிஞ்சுட்டு நில்லு" என்று அம்மா அக்காவிடம் மூன்று நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்து பாயில் உட்கார்ந்ததுமே, தட்டைக்கூட எடுக்காமல் அக்கா எதிரே வந்து நின்றாள். "எனக்குப் பே-பேச்சு திக்கும். தெ-தெரிஞ்சுட்டுப் பேசுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கே கேட்டேனே" என்றாள் அந்த அம்மாள். "ரெண்டு எடத்துல தட்டிச்சு. தட்டினாலும் நிக்கலியே! எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான், அவனுக்குத் திக்கவே திக்காது. வாயத் தொறந்தாத்தான திக்குறதுக்கு! நாலு பேரு வந்து போற கடை. எனக்கு வாய் உள்ள பிள்ளதான் வேணும்."

அம்மா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா கொல்லைப்புறம் போய் வெகுநேரம் முகம் கழுவினார். நான் அன்றிரவுதான் அந்த வாரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. அங்கே போனால் ஒட்டிய பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. விரலால் காட்டினால் கிடைத்துவிடும், எவரும் எவரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பத்து வருஷம் கழித்து என் முறை வந்தபோது, கரமனையிலிருந்து வந்து நின்று, "இ-இவள நிறுத்திவச்சுக் காட்ட வேண்டாம். அவனும் வரட்டும், ரெண்டு பேரும் உக்காந்து பேசட்டும்" என்று அப்பாவிடம் சொன்னவள் அவள்தான். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் யார் முன்னாலும் போய் நின்றதில்லை. கடை போனதில் எனக்கு வருத்தமுண்டு. அந்த நிற்பு போனதில் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.